லாண்டரியைச் சுற்றி ஏழு முறை

இதனால் சகல பரிசுத்தவான்களுக்கும், பரிசுத்தத்துக்கு முயன்றுகொண்டிருப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நமது சபை கடல் கடந்து ஊழியம் செய்துவிட்டது. ஒரு தேசம் அசைக்கப்பட்டது. அசைத்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் அடியேனும் ஒருவன் என்பதைத் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன். தாழ்மை எங்கள் குழுவின் சீருடையில் ஒரு பகுதி. மற்றப் பகுதி நீலக் கோட்டு.

பெரிய காரியங்கள் பலவும் பொறாமையில்தான் ஆரம்பிக்கின்றன. எங்கள் சபைக்கு எதிரே இன்னொரு சபை இருக்கிறது. ஒருகாலத்தில் எங்களோடு இருந்தவர்கள்தான். மைக்கை யார் பிடிப்பது என்ற ஆழமான இறையியல் கேள்வியில் பிரிந்து போனார்கள். அவர்கள் ஒரு குழுவை வெளிநாட்டுக்கு அனுப்பி, அந்தக் குழு விமானத்தின் முன்னால் கை விரித்து நிற்கும் படத்தை மதில் நீளத்துக்குப் பேனராகக் கட்டினார்கள். அது எங்கள் வாசலைப் பார்த்துத் தொங்கியது. ஆராதனை முடிந்து கண்ணீரோடு வெளியே வருகிற எங்கள் ஜனம் முதலில் பார்ப்பது அடுத்தவனுடைய விமானத்தை. எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒருநாள் என் மச்சானுக்குத் தரிசனம் வந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சிமெண்ட் வியாபாரி, சபையின் செயலாளர். அவருக்கு அடிக்கடி தரிசனம் வரும். சபைக்கு ஏ.சி. வேண்டும் என்பது அவருக்குத் தரிசனத்தில்தான் தெரிந்தது. அதை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்தது. அதனால் சபையில் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே ‘தரிசனம்’தான்.

“பெரிய உருண்டை மாப்ளே. சுத்திக்கிட்டே இருக்கு. ஒரே ஒரு இடத்துல மட்டும் கும்மிருட்டு.”

“அங்க அப்ப ராத்திரியா இருந்திருக்கும் மச்சான்.”

“உங்களுக்கு எல்லாமே கேலி. அந்த இருட்டுலேருந்து ஒரு குரல் கேட்டுச்சு. ‘வாங்க, வந்து உதவி செய்யுங்க’ன்னு.”

“எந்தப் பாஷையில?”

இந்தக் கேள்வி மச்சானை யோசிக்க வைத்தது. எங்கள் குழுவில் யாருக்கும் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. மச்சானுக்குத் தமிழே மைக் இருந்தால்தான் வரும். ஆகவே நற்செய்தியைக் கேள்விப்படாத, ஆனால் தமிழைக் கேள்விப்பட்ட ஒரு தேசம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

தேடியதில் அகப்பட்டார் லாண்டரி பாஸ்டர். எங்கள் சபையில் முன்பு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர். வேலை தேடி வெளிநாடு போய், ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டே, தன்னைப் போல வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் சிலரைச் சேர்த்து ஞாயிறு மதியத்தில் ஜெபம் நடத்தி வந்தார். அவர் ஊரைவிட்டுப் போன அன்று எங்கள் சபையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட யாரும் போகவில்லை. இப்போது மச்சான் மேடையில் நின்று அவரை, “நம்ம சபை அனுப்பின மிஷனரி” என்றார். ஜனம் கை தட்டியது. நாற்காலிகளும் நேராகத்தான் இருந்தன. அவற்றை அன்றைக்கு அடுக்கியது யாரென்று தெரியவில்லை.

எனக்கு ஊழியத் தாகம் எதுவும் இல்லை. என் மனைவிக்கு இருந்தது. விமானத்தில் ஏற வேண்டும் என்ற தாகம்.

“அண்ணன் வாயத் தொறந்து கூப்பிடுறாரு. வரலைன்னா இருங்க. சமையக்கட்டு எந்தப் பக்கம்னு காட்டிட்டுப் போறேன்” என்றாள். அந்தக் கணமே நான் அழைப்பைப் பெற்றேன்.

மச்சான், கண்ணீரோடு ஜெபிப்பதில் பெயர் பெற்ற அவர் மனைவி, நான், என் மனைவி, சபையில் டிரம்ஸ் வாசிக்கும் பாங்கு கேஷியர். இதுதான் படை. எங்களுக்கு ஒரே அளவு நீலத்தில் ஐந்து கோட்டு தைக்கப்பட்டது. “போற ஊர் வெயில் ஊராச்சேங்க” என்று அளவெடுத்த தையல்காரர் சொன்னார். “வெயில் சரீரத்துக்குத்தான்” என்றார் மச்சான். தலையில் எண்ணெய் வைத்து, கை வைத்து, எங்களை அனுப்பினார்கள். கேஷியர் அதிகம் எண்ணெய் பெற்றவர். விமானத்தில் அவர் சாய்ந்த இருக்கையில் அடுத்து உட்கார்ந்தவனும் அபிஷேகம் பெற்றிருப்பான்.

படைக்கு ஆயுதம் வேண்டாமா? மச்சான் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கியிருந்தார். சக்கரம், கைப்பிடி, உள்ளேயே பாட்டரி, மேலே நீல விளக்கு. கல்யாண மண்டபத்துக்குப் போதும். லாண்டரிக்கு இரண்டு தலைமுறைக்குப் போதும். அந்த ஊர் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் அதைத் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். மச்சான் கண்ணை மூடி இரண்டு கையையும் மேலே தூக்கினார். அதிகாரி பயந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். கடைசியில் என் மனைவி அதைப் போட்டுக் காட்டி, வாயைக் குவித்து, பாடுகிற மாதிரி ஆடிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நாங்கள் கச்சேரிக்காரர்கள் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். பெரிய தப்பில்லை.

லாண்டரி பாஸ்டர் வாசலுக்கு ஓடி வந்தார். ஒடிசலான ஆள், முழங்கைக்குக் கீழே நீராவி பட்ட தழும்புகள். எங்களுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு அவர் இஸ்திரி மேசையில் படுத்துக்கொண்டார். “மேசை நல்ல சூடா இருக்கும்ங்க, இடுப்பு வலிக்கு இதம்” என்றார். மச்சான் அதை நம்பினார். நம்புவது அவருடைய வரம்.

அந்த லாண்டரியைச் சொல்ல வேண்டும். நீளமான ஒரு கட்டடத்தின் நடுவில், இரண்டு பக்கமும் மற்றக் கடைகளோடு தோளோடு தோள் ஒட்டி நின்றது. முன்னால் உடுப்பு வாங்கிக் கொடுக்கிற மேசை. அதன் பின்னால் இயந்திரங்கள், நீராவி, கஞ்சி வாசனை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அறை. அறையின் மேலே குறுக்கும் நெடுக்கும் இரும்புக் கம்பி. கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகளும் கோட்டுகளும் பெண்களின் நீள உடைகளும். ஞாயிறு மதியம் அவற்றை ஒரு பக்கம் தள்ளினால் சபை. தள்ளாவிட்டால் கிடங்கு. தள்ளிய பிறகும் உடுப்புக் கூட்டம்தான் எங்களைவிட அதிகம், ஒழுங்காகவும் நின்றது. யாரும் வந்து வாங்காமல் போன காலுறைகளை நாற்காலிக் கால்களில் மாட்டியிருந்தார்கள்.

“எதுக்குப் பாஸ்டர், நாற்காலிக்குச் சாக்ஸு?” என்று அந்த முதல் ஞாயிறன்று கேட்டேன்.

“சத்தம் கேக்கக் கூடாதுங்க” என்றார்.

அதற்குள் பின்பக்கப் படியில் ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். இடுப்பில் கட்டிய வேலைத்துணியின் பையில் ஒரு சின்னக் கருவி. குழந்தை தூங்கும் அறையில் ஒன்றை வைத்து, தாய் கையில் ஒன்றை வைத்துக்கொள்வார்களே, அந்த ஜாதி. அதிலிருந்து குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“மாடி அக்கா” என்று அறிமுகப்படுத்தினார் பாஸ்டர். “இந்த ரூம் இவங்க வாங்கிக் குடுத்ததுதான்.”

அக்கா விஷயத்தை நேராகவே சொன்னார். மாடியில் லாண்டரி முதலாளியின் குடும்பம். முதலாளியின் அம்மா படுத்த படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை.

“எனக்கு லீவுன்னு ஒண்ணு கிடையாதுங்கய்யா. அந்தம்மா மத்தியானம் கண்ணசர்ற நேரம்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை. தெருவாசலைத் தாண்டக் கூடாது. படியிறங்கி இங்க வரலாம். அவ்வளவுதான் என் வெளியூர், உள்ளூர் எல்லாம். மொதலாளிகிட்ட மாசக்கணக்கா கெஞ்சி இந்த இடத்தைக் கேட்டேன். அவரு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. அம்மா தூக்கம் கலையக் கூடாது. திடீர்னு முழிச்சா அவங்களுக்குப் பயம் வந்துரும், மூச்சு வாங்கும். அப்படி ஒரு தடவை ஆச்சுன்னா ரூம் போச்சு.”

“ஆண்டவர் பெரியவர்” என்றார் மச்சான். ‘நான் எதையும் காதில் வாங்கவில்லை’ என்பதை அவர் இப்படித்தான் சொல்வார்.

“பெரியவர்தாங்கய்யா. ஆனா அவருக்குக் காது நல்லாக் கேக்கும். அதனால மெதுவாப் பாடுவோம்” என்றார் அக்கா. “ரூம் போனா ஜெபத்துக்கு வர்ற இவங்க நாலு பேரும் வேற எங்கயாவது கூடிக்குவாங்க. எனக்கு இதை விட்டா வேற படி இல்ல.”

பிறகு ஆராதனை ஆரம்பமானது. கருவியை ஒரு நாற்காலியில் வைத்தார்கள். குறட்டை சீராக வந்ததும் பாஸ்டர் புருவத்தை உயர்த்தினார், பாட்டுத் தொடங்கியது. வாய்க்குள்ளேயே, தேனீ கூட்டுக்குள் இருப்பது போல. கை தட்டவில்லை, இரண்டு விரலால் உள்ளங்கையைத் தொட்டார்கள். ஆமென் உதட்டில் மட்டும் வந்தது. நடுவில் ஒருமுறை குறட்டை நின்றது. பாட்டு அதே எழுத்தில் நின்றது. ஓட்டல் சமையல்காரர் ஒருவர் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தார். மேலே கிழவி ஒரு புரளல் புரண்டு மறுபடி குறட்டையை எடுத்தார். இவர்கள் விட்ட எழுத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் பார்த்த பாடகர் குழுக்களில் இத்தனை சுத்தமாகத் தாளம் கேட்டுப் பாடிய குழு இல்லை. எங்கள் கேஷியருக்கு அதில் நான்கில் ஒரு பங்கு வராது.

மச்சானின் முகம் மட்டும் ஈரம் பட்ட சிமெண்ட் மாதிரி இறுகிக்கொண்டே போனது.

அறைக்குத் திரும்பியதும் வெடித்தார். “செத்த சபை மாப்ளே! ஒரு துள்ளல் உண்டா? ஒரு ஆர்ப்பரிப்பு உண்டா? ஒரு கிழவி குறட்டை விட்டாத்தான் ஆராதனையா?”

“வாடகை இல்லாத இடம் மச்சான். குறட்டைதான் வாடகை.”

“உங்களுக்குப் புரியாது. வாசப்படியில கால் வைக்கும்போதே எனக்குக் காட்டப்பட்டுச்சு. இந்தச் சபையைப் பிடிச்சிருக்கிறது ஊமை ஆவி.”

மச்சான் மனைவிக்கு உடனே கண்ணீர் வந்தது. அவருக்கு விமானத்தில் சாப்பாடு ஆறியிருந்ததற்கும் வந்தது.

“அவங்க சத்தம் போடாததுக்குக் காரணம் மேல தூங்குற அம்மா. அந்தப் பொண்ணு விலாவாரியாச் சொல்லிச்சே அண்ணே” என்றாள் என் மனைவி.

“அதான் அந்த ஆவியோட தந்திரம். காரணம் சொல்லும்.”

இப்படிப்பட்ட வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. பேசினால் காரணம், பேசாவிட்டால் ஊமை.

இடைப்பட்ட வாரம் முழுக்க நாங்கள் ஊழியம் செய்தோம். அதாவது, லாண்டரி பாஸ்டர் இஸ்திரி போடுவதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். மச்சான் ஒரு சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து, ஏழைகளோடு உழைப்பது போல ஒரு படம் கேட்டார். வாடிக்கையாளர் ஒருவரின் காலரில் அந்தப் படம் பழுப்பு நிறத்தில் பதிந்தது. பாஸ்டர் அதைத் தன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. மீதி நேரம் கடைவீதியைச் சந்தித்தோம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ஞாயிறு. காலையிலேயே மச்சான் அறிவித்தார்.

“எரிகோ!”

எங்கள் சபைகளில் இது ஒரு பழக்கம். வழக்கு நடக்கிற நிலம், கடன் தராத பாங்கு, பெண் கொடுக்க மறுக்கிற வீடு எதுவானாலும் அதைச் சுற்றி ஏழு முறை ஜெபத்தோடு நடப்பார்கள். ஏழாவது சுற்றின் முடிவில் ஒரே குரலாகக் கத்துவார்கள். அந்தக் காலத்தில் எரிகோ பட்டணத்தின் மதில் விழுந்தது போலத் தடை விழும் என்பது நம்பிக்கை. நிலமும் பாங்கும் இன்றுவரை நிற்கின்றன. ஆனால் நடை உடம்புக்கு நல்லது. சுவர் விழுந்தால் சிமெண்ட் வியாபாரிக்கு நட்டம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாண்டரி பாஸ்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். “ஐயா, நடங்க, தப்பில்ல. கத்த மட்டும் வேண்டாம்ங்க. அந்த அக்காவுக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

“உங்களுக்கே விடுதலை தேவைப்படுது தம்பி” என்று மச்சான் அவர் தோளைத் தட்டினார்.

மதியம், சபை உள்ளே வாய்க்குள் பாட ஆரம்பித்த நேரத்தில், நாங்கள் ஐந்து நீலக் கோட்டுகளும் வெளியே அணிவகுத்தோம். ஒலிபெருக்கிப் பெட்டியை இழுக்கும் பொறுப்பு எனக்கு. செயலாளர் வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதை அதுதான்.

புறப்பட்ட பிறகுதான் ஒரு பொறியியல் உண்மை தெரிந்தது. லாண்டரியைச் சுற்ற முடியாது. இரண்டு பக்கமும் கடைகள் ஒட்டியிருக்கின்றன. சுற்ற வேண்டுமானால் அந்தத் தெருவின் மொத்தக் கட்டட வரிசையையும் சுற்ற வேண்டும்: மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, ஒரு பாங்கு, சைக்கிள் பழுது பார்க்கும் இடம், பின்னால் குப்பைத் தொட்டிகள்.

“பாங்கும் சேர்ந்து விழுந்துட்டா?” என்று கேஷியர் கவலைப்பட்டார்.

“லாண்டரின்னு மனசுல நினைச்சுக்கிட்டு நடங்க. மத்தது விழாது.”

முதல் சுற்று கம்பீரமாக இருந்தது. இரண்டாவதில் முடிவெட்டும் கடைக்காரர் வெளியே வந்து வணக்கம் வைத்தார். மூன்றாவதில் அவருடைய வாடிக்கையாளர்கள் பாதி வெட்டிய தலைகளோடு வந்து நின்றார்கள். நான்காவதில் மச்சானுக்குப் புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது, நொண்டினார். குழுத்தலைவர் நொண்டினால் அது ஏதோ முறை போலிருக்கிறது என்று எண்ணி அவர் மனைவியும் நொண்டினார். கோட்டுக்குள் என் முதுகில் ஓர் ஆறு ஓடியது. குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது; அதற்கு மட்டும் கோட்டு இல்லாததால் சுகமாக நடந்தது.

“இது அஞ்சா, ஆறா?” மச்சான் மூச்சிரைத்தார்.

“ஆறு” என்றார் கேஷியர்.

“அஞ்சுதான். குப்பைத்தொட்டி நாத்தம் நாலு தடவைதான் வந்துச்சு, இனிமே வரப்போறது அஞ்சாவது” என்றாள் என் மனைவி.

பணத்தை எண்ணிப் பிழைக்கிறவர் கேஷியர் என்பதால் ஆறு என்று தீர்ப்பானது. ஆகவே எரிகோ ஆறு சுற்றில் விழுந்ததா ஏழு சுற்றில் விழுந்ததா என்பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் ஐயம் இருக்கிறது.

கடைசிச் சுற்றில், லாண்டரிக்குள் நுழையுமுன் என் மனைவி அண்ணனின் கோட்டைப் பிடித்தாள். “அண்ணே, வேண்டாண்ணே. பாவம் அந்தப் பொண்ணு. மைக் இல்லாம ஜெபிங்களேன், கேக்காதா என்ன?”

“நீ கல்யாணத்துக்கு முந்தி இப்படி இல்ல” என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார் மச்சான்.

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. குறட்டையும் நடந்துகொண்டிருந்தது. மாடி அக்கா கருவியைப் பையில் வைத்துக் கண் மூடி, இரண்டு விரலால் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியை நிறுத்தினேன். பொத்தானை நான் அமுக்கவில்லை, கேஷியர் அமுக்கினார். நீல விளக்கு எரிந்தது. மச்சான் நெஞ்சை நிமிர்த்தி, கடல் கடந்து கொண்டுவந்த மூச்சு முழுவதையும் மைக்கில் விட்டார்.

“அல்லே...லூயா!”

கம்பியில் தொங்கிய பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் நடுங்கிச் சலசலத்தன. ஓட்டல் சமையல்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். காலுறை மாட்டியிருந்ததால் அந்த நாற்காலி மட்டும் சத்தமில்லாமல் விழுந்தது. மாடி அக்கா எழுந்து ஓடிவந்து மைக்கைக் கையால் பொத்தினார்.

“ஐயா, ஐயா, நிறுத்துங்கய்யா! சொன்னேனே ஐயா! ஆயிரம் தடவை சொன்னேனே!”

மச்சானுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆவி வெளிப்பட்டுவிட்டது. இடது கையை அக்காவின் தலையில் வைத்து அமுக்கினார். “ஊமை ஆவியே! இவளை விட்டு வெளியே போ! பேசு மகளே, பேசு!”

“நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்! நீங்கதானய்யா கேக்க மாட்டேங்குறீங்க!”

“பேசிட்டா! பேசிட்டா!” என்று மச்சான் மனைவி குலுங்கி அழுதார். கேஷியர் படம் எடுத்தார்.

அப்போதுதான் குறட்டை நின்றிருந்தது எனக்கு உறைத்தது.

கருவியிலிருந்து முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு அலறல். வயதான தொண்டையிலிருந்து வரும், காற்றும் பயமும் கலந்த அலறல். கருவி அக்காவின் பையில் மைக்குக்கு நேர் கீழே இருந்தது. மைக் அதை வாங்கி, பெட்டி அதைப் பெரிதாக்கி, அறை முழுக்க, தெரு முழுக்க, முடிவெட்டும் கடை வரைக்கும் விநியோகித்தது. அந்தச் சத்தம் மேலே போய்க் கிழவியை இன்னும் பயமுறுத்த, அவர் இன்னும் அலற, அது இன்னும் பெரிதாகக் கீழே கேட்டது.

“போகும்போது கத்துது! விடாதீங்க! ஆர்ப்பரிங்க!” என்றார் மச்சான்.

என் மனைவிதான் பெட்டியை அணைத்தாள். அக்கா அதற்குள் படியில் பாதி ஏறியிருந்தார். செருப்பு இரண்டும் கீழேயே கிடந்தன.

சற்று நேரம் மேலே காலடிச் சத்தமும், கதவுச் சத்தமும், அக்கா யாரையோ தட்டிச் சமாதானப்படுத்தும் குரலும் கேட்டன. கீழே சமையல்காரர் விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தி, காலுறையை இழுத்துச் சரிசெய்தார். பழக்கம்.

முதலாளி இறங்கி வந்தார். பயங்கர ஆசாமி ஒருவரை எதிர்பார்த்தேன். வீட்டு உடுப்பில், கண்ணாடி நெற்றியில் ஏறிய, சின்ன உருவம். எங்கள் ஐந்து நீலக் கோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொழில் புத்தி, காலரில் அடையாளச் சீட்டைத் தேடினார். பிறகு லாண்டரி பாஸ்டரிடம் அவர்கள் பாஷையில் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. களைப்பாக இருந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன சொல்றார் தம்பி?” மச்சான் ஆவலோடு கேட்டார். “ரட்சிப்பைப் பத்திக் கேக்குறாரா?”

“சாவியைக் கேக்குறாருங்க” என்றார் லாண்டரி பாஸ்டர். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒவ்வொருவராக நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள். பாஸ்டர் ஒருபக்கம் தள்ளியிருந்த உடுப்புகளைக் கம்பியில் மறுபடி பரப்பினார். அறை கிடங்கானது. நாங்கள் உதவ நினைத்தோம். எங்களுக்கு அதில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. என் மனைவி அந்தச் செருப்பை எடுத்துப் முதல் படியில் ஜோடியாக வைத்தாள்.

மறுநாள் விமான நிலையத்துக்கு லாண்டரி பாஸ்டர் வந்து வழியனுப்பினார். மச்சானின் பெட்டியைக்கூட அவர்தான் தூக்கினார். “உங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?” என்று கேட்டேன். “எனக்கு இல்லீங்க. இஸ்திரிக்கு ஆள் கிடைக்க மாட்டாங்க” என்றார். விமானத்தில் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து அறிக்கை தயாரித்தார்.

அந்த அறிக்கையைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். திரை கட்டி, விளக்கை அணைத்து, பின்னணியில் கேஷியர் டிரம்ஸைத் தடவ, மச்சான் ஒவ்வொரு படமாகக் காட்டினார். இருண்ட தேசம். உடுப்புகளுக்கு நடுவில் கட்டுண்டு கிடந்த சபை. ஏழு சுற்று, கொளுத்தும் வெயில், காயப்பட்ட குதிகால். குதிகாலுக்குத் தனிப் படம் இருந்தது. பிறகு, மச்சானின் கைக்குக் கீழே வாய் திறந்து நிற்கும் மாடி அக்கா.

“வருஷக்கணக்கா ஊமையாக் கெடந்த சகோதரி, அந்த மணி நேரத்துல வாய் தொறந்து பேசினாங்க!”

சபை எழுந்து நின்றது. அடுத்த படத்தில் மூடிய லாண்டரிக் கதவு.

“அன்னிக்கோட அந்த மக்களை அடைச்சு வச்சிருந்த சுவர் விழுந்துச்சு. இப்ப அவங்க அந்த ரூமுக்குள்ள இல்ல!”

இதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் மச்சானின் திறமை. முன்வரிசையில் ஒருவர் அழுதார். எங்கள் பெரிய பாஸ்டர் மேடைக்கு வந்து, மச்சானுக்குச் சால்வை போட்டு, இனி அவரை எல்லாரும் மிஷனரி என்றே அழைக்க வேண்டும் என்றார். மதிலில் பேனர் கட்டப்பட்டது. எதிர்ச் சபையின் பேனரைவிட ஒரு கை அகலம் அதிகம். எங்கள் விமானம் அவர்கள் விமானத்தை நேருக்கு நேர் பார்த்தது.

என் மனைவி மட்டும் கை தட்டவில்லை. “மயக்கமா இருக்கு, வீட்டுக்குப் போலாம்” என்றாள். போகிற வழியில், “அந்த பாஸ்டருக்கு ஒரு போன் போடுங்க” என்றாள்.

போட்டேன். லாண்டரி பாஸ்டர் எங்கள் எல்லாருடைய சுகத்தையும் விசாரித்தார். மச்சானின் குதிகாலை முதலில் விசாரித்தார். இப்போது ஞாயிறு மதியம் பூங்காவில் கூடுகிறார்களாம். மரத்தடி, நல்ல காற்று. சமையல்காரர் இப்போது தொண்டை திறந்து பாடுகிறாராம். ஆனால் சத்தமாகப் பாடிப் பழக்கம் போனதால் சுருதி சேரவில்லையாம். மழை வந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

“அக்கா?” என்றேன்.

“வேலை போகலீங்க. அந்தம்மாவுக்கு இவங்க இல்லாம முடியாது. பூங்கா தெருவைத் தாண்டி இருக்கு பாருங்க” என்றார்.

அடுத்த ஆண்டு இன்னும் தூரமான ஒரு தேசத்துக்குப் போவதென்று முடிவாகியிருக்கிறது. மச்சானுக்கு உருண்டை மறுபடி தெரிந்திருக்கிறது. கோட்டுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கிப் பெட்டி இதைவிடப் பெரிதாக வாங்குகிறார்கள்.

மாடி அக்கா சபைக்குப் போவதில்லை.